டிபி மாடலுக்கு கேஷ் போட்டப்புறம் வர்ற கோளாறுங்க: அறிகுறி பாத்து சரி பண்றது

பினாங்கு லிட்டில் இந்தியாவுல ஒரு பூஜை சாமான் கடை, அவங்க ஆன்லைன் கடைய நாங்கதான் பாத்துக்கிறோம். ஜாங்கோ (பைத்தான்ல வெப்சைட் எழுதுற கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ், அதான் டிபி), ரெண்டுக்கும் நடுவுல ரெடிஸ் (மெமரியிலயே வெச்சு வேகமா குடுக்குற ஸ்டோர்), அவ்ளோதான் செட்டப். வருஷம் பூரா சாதாரணமா ஓடும், தைப்பூசத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது பால்குடம், காவடி சாமான், மஞ்சத்துணின்னு ஜொகூர்லேர்ந்து கெடா வரைக்கும் ஆர்டர் வந்து குவியும், எல்லாரும் அதே இருபது முப்பது பொருளதான் திரும்பத் திரும்ப தெறந்து பாப்பாங்க, டிபி திணறிப் போயிடும். அதுக்குத்தான் பொருள் மாடலுக்கு (பொருள் டேபிளுக்கு கோட்ல இருக்குற கிளாஸ்) முன்னாடி கேஷ் போட்டோம், அடிக்கடி கேக்குறத ஒரு தடவ எடுத்து பக்கத்துலயே காப்பி வெக்கிறதுதான் கேஷ். வேலை சின்னதுதான்: பொருள் நம்பர வெச்சு ஒரு கீ, ரெடிஸ்ல இருந்தா அத குடு, இல்லன்னா டிபில எடுத்து ரெடிஸ்ல வெச்சிட்டு குடு, ரோ (டேபிள்ல அந்த பொருளோட வரிசை) மாறினா கீய அழி. கடைசி வரி இருக்கு பாருங்க, ரோ மாறினா கீய அழி, கீழ வர்ற கோளாறுல பாதிக்கு மேல அந்த ஒரு வரியில வந்ததுதான். கோட்ல படிக்கிற எடம் ஒண்ணுதான் இருக்கும், எழுதுற எடம் எத்தனன்னு யாருமே எண்ணிப் பாக்கிறதில்ல.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல மூணு விஷயம் செஞ்சிடுங்க. ஒண்ணு, கேஷ சுத்திட்டு நேரா டிபிக்கு போற மாதிரி ஒரு ஸ்விட்ச், செட்டிங்ல ஒரு வரி போதும், கேஷ ஆஃப் பண்ணியும் கோளாறு இருந்தா குத்தம் கேஷ் மேல இல்ல. ரெண்டாவது, ரெடிஸ்ல அந்த கீக்கு டிடிஎல் (காலாவதிக்கு இன்னும் எத்தன செகண்ட்) எவ்ளோன்னு கேளுங்க, -2 வந்தா கீயே இல்ல, -1 வந்தா கீ இருக்கு ஆனா காலாவதியே கிடையாது. இங்க ஒரு விஷயம், ஜாங்கோ நீங்க குடுத்த கீய அப்படியே வெக்காது, முன்னாடி பிரிஃபிக்ஸ், கோலன், வெர்ஷன் நம்பர், இன்னொரு கோலன் சேத்துதான் வெக்கும், அது தெரியாம வெறும் பேர தேடி "கீயே இல்லையே"ன்னு குழம்புறவங்க நெறய பேரு. மூணாவது, ரெடிஸ்ல இன்ஃபோ அடிச்சா கீஸ்பேஸ் ஹிட்ஸ் (தேடின கீ இருந்தது), கீஸ்பேஸ் மிஸ்ஸஸ்னு (இல்லாதது) ரெண்டு நம்பர் வரும், ரெண்டையும் எழுதி வெச்சிக்குங்க. மானிட்டர் கமாண்ட லைவ் சர்வர்ல ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, சர்வரயே இழுத்துடும். கீ பேர தேடணும்னா கீஸ் கமாண்ட் வேணாம், அது எல்லா கீயையும் பாத்து முடிக்கிற வரைக்கும் மத்த எல்லாரையும் நிறுத்தி வெக்கும், ஸ்கேன் கமாண்ட பாவியுங்க.

விலைய மாத்தியாச்சு, கடையில பழைய விலைதான் காட்டுது

இதுதான் பெரிய தலைவலி, அதனால இதுல கொஞ்ச நேரம் நிக்கிறேன். தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் முன்ன கடைக்கார அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, பால்குட செட்டு 35 வெள்ளிலேர்ந்து 42 வெள்ளியாக்கி நேத்தே ஏத்திட்டேன், இன்னும் பழைய வெலதான் காட்டுதுப்பா, அதுலயே பதினேழு ஆர்டர் வந்துடுச்சு." "அக்கா, ஒவ்வொண்ணா மாத்தினீங்களா, எக்செல்ல ஏத்தினீங்களா?" "எக்செல்லதான்பா, இருநூறு பொருளு இருக்கே." அந்த பதிலுலயே காரணம் தெரிஞ்சிடுச்சு. நாங்க கேஷ் அழிக்கிறத போஸ்ட் சேவ் சிக்னல்ல (ஒரு பொருள சேவ் பண்ணப்புறம் ஜாங்கோ தானா குடுக்குற தகவல்) வெச்சிருந்தோம், எக்செல் ஏத்துற கோடு பல்க் அப்டேட் (பல பொருள ஒரே அடியா மாத்துறது) பண்ணுது, ஜாங்கோவுல பல்க் அப்டேட், பல்க் கிரியேட், க்வெரிசெட் மேல அப்டேட், இந்த மூணுமே சேவ கூப்பிடாது, சிக்னலும் போகாது. க்வெரிசெட் மேல டிலீட் பண்ணா மட்டும் டிலீட் சிக்னல் போகும், அதனால "அழிச்சா வேலை செய்யுது, மாத்தினா செய்யல"ன்னு தோணும், குழம்ப வேணாம். ரெயில்ஸ்ல (ரூபியோட கட்டமைப்பு) அப்டேட் ஆல், அப்டேட் காலம்ஸ் இதே கதைதான், லாராவெல்ல (பிஹெச்பியோடது) மாடல எடுக்காம க்வெரி மூலமா மொத்தமா மாத்தினா மாடல் ஈவென்ட் எதுவும் வராது.

அந்த பதினேழு ஆர்டரையும் அக்கா பழைய விலைக்கே குடுத்தாங்க, நேர்த்திக்கடனுக்கு வாங்குறவங்ககிட்ட கூட காசு கேக்க மாட்டேன்னுட்டாங்க. எங்க கவனக்குறைவுக்கு அவங்க காசு போச்சு, அது எனக்கு இன்னும் உறுத்துது. அன்னைக்கே ஒரு விதி வெச்சோம்: பொருள காட்டுறதுக்கு கேஷ், காசு வாங்குறதுக்கு டிபி. செக்அவுட்ல விலையும் ஸ்டாக்கும் நேரா டிபில, செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு ரோவ பூட்டி படிக்கிறோம், கேஷ்ல இருக்குற விலையும் அதுவும் ஒத்துப் போகலன்னா வாங்குறவங்களுக்கு சொல்லிட்டுதான் அடுத்த பக்கம். உங்க கடையில காசு சம்பந்தப்பட்டது எது இருந்தாலும் இத மட்டும் தள்ளிப் போடாதீங்க.

சரி பண்றது எப்படின்னா, முதல்ல அந்த டேபிள்ல யார் யார் எழுதுறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அட்மின் பக்கம், எக்செல், ராத்திரி ஓடுற கிரான் ஜாப், ஸ்டாக் குறைக்கிற கோடு, மைக்ரேஷன், அப்புறம் அவசரத்துல யாராவது நேரா பிஜிஅட்மின் (போஸ்ட்கிரெஸ நேரா பாத்து மாத்துற டூல்) தெறந்து மாத்துறது. எங்களுக்கு ஏழு எடம் வந்துச்சு, சிக்னல் கேட்டது ரெண்டு எடத்துக்குத்தான். எல்லா எழுத்தையும் ஒரே ஃபங்ஷன் வழியா கொண்டு வாங்க, அந்த ஃபங்ஷன் மாத்தின ஐடிங்கள எடுத்து கீங்கள மொத்தமா அழிக்கட்டும். நேரா டிபில கை வெக்கிறவங்கள கோடு தடுக்க முடியாது, அதுக்குத்தான் டிடிஎல், எந்த கீயும் காலாவதி இல்லாம இருக்கக்கூடாது, ஜாங்கோ தானா வெக்கிறது 300 செகண்ட், அத None-ன்னு (காலாவதியே வேணாம்னு) மாத்துனீங்கன்னா பழசு என்னைக்கும் அங்கயேதான் உக்காந்திருக்கும்.

எல்லா எடத்துலயும் அழிச்சும் சில சமயம் மட்டும் பழசு வருதா, அப்ப நேரத்த பாருங்க. டிரான்ஸாக்ஷனுக்குள்ள எழுதினா சிக்னல் ஓடுறது கமிட்டுக்கு (மாத்தினது டிபில உறுதியாகி மத்தவங்களுக்கும் தெரியுற நொடி) முன்னாடி. அக்கா விலைய மாத்துறாங்க, டிரான்ஸாக்ஷன் இன்னும் முடியல, சிக்னல் கீய அழிச்சிடுச்சு, அந்த நொடியில பட்டர்வொர்த்துல ஒருத்தர் பக்கத்த தெறக்குறார், கேஷ்ல இல்ல, டிபிக்கு போறார், கமிட் ஆகாததால பழைய விலை வருது, அத கேஷ்ல வெச்சிட்டார், அப்புறம்தான் இங்க கமிட் ஆகுது. இனி டிடிஎல் முடியற வரைக்கும் பழசுதான். கூட்டம் இல்லாத நேரத்துல இது வரவே வராது, டெஸ்ட்லயும் பிடிக்க முடியாது, தைப்பூசம் மாதிரி நேரத்துலதான் வெளிய வரும். அழிக்கிறத டிரான்ஸாக்ஷன் ஆன் கமிட்டுக்குள்ள போடுங்க, ரெயில்ஸ்னா ஆஃப்டர் சேவ் வேணாம், ஆஃப்டர் கமிட். அப்படியும் ஒரு சின்ன ஓட்டை இருக்கு, கமிட்டுக்கு முன்னாடி டிபில படிச்சவர் அழிச்சப்புறம் வந்து எழுதலாம், அதுக்கு ஃபேஸ்புக்காரங்க 2013-ல மெம்கேஷ்ட் (ரெடிஸ் மாதிரி இன்னொரு கேஷ்) பத்தி வெளியிட்ட கட்டுரையில லீஸ்னு ஒரு வழி சொல்லியிருக்காங்க: மிஸ் ஆகும்போது ஒரு டோக்கன் குடுக்கணும், நடுவுல கீ அழிஞ்சா அந்த டோக்கன் செல்லாது, எழுத விடாது. எங்க அளவு கடைக்கு அது தேவப்படல, டிடிஎல் அஞ்சு நிமிஷமும் செக்அவுட் டிபியும் போதும்.

படிக்கிறதுக்கு தனி ரெப்ளிகா (மெயின் டிபியோட நகல்) வெச்சிருக்கீங்கன்னா இன்னொண்ணு. கமிட் முடிஞ்சு கீய அழிச்சாலும், அடுத்து வர்றவர் ரெப்ளிகாவுல படிச்சா அங்க இன்னும் புது ரோ வந்து சேந்திருக்காது, பழசே திரும்ப கேஷுக்குள்ள போயிடும். கேஷ நிரப்புற க்வெரி மட்டும் மெயின் டிபிக்கு போகட்டும்.

பொருள் பக்கத்துல புது விலை, லிஸ்ட்ல பழைய விலையா? ஐட்டத்துக்கு ஒரு கீ, லிஸ்டுக்கு வேற கீ, நீங்க ஒண்ணத்தான் அழிச்சிருக்கீங்க. லிஸ்ட்ல ஐடிங்கள மட்டும் வெச்சு, பொருள கெட் மெனில ஒரே தடவயா எடுங்க, அப்ப விலை ஒரே எடத்துலதான் இருக்கும். பில்டர், சார்ட், பக்கம்னு லிஸ்ட் நூறு விதமா இருந்தா ஒவ்வொண்ணா அழிக்க முடியாது, டேபிளுக்கு ஒரு வெர்ஷன் நம்பர் வெச்சு அத கீக்குள்ள சேத்துடுங்க, மாத்தும்போது நம்பர ஏத்தினா பழைய லிஸ்டெல்லாம் யாரும் தொடாம தானா செத்துடும். ஆனா அளவோட, மைஎஸ்க்யூஎல்ல இருந்த க்வெரி கேஷும் இப்படித்தான், ஒரு ரோ மாறினாலும் அந்த டேபிள் சம்பந்தப்பட்டது பூரா போயிடும், எழுத்து அதிகமான எடத்துல உதவிய விட உபத்திரவம் ஜாஸ்தின்னு 8.0-ல அத எடுத்தே போட்டாங்க. எங்களுக்கும் ஸ்டாக் எண்ணிக்கை பொருள் டேபிள்லயே இருந்துச்சு, ஒவ்வொரு ஆர்டருக்கும் லிஸ்ட் பூரா அழிஞ்சிச்சு. ஸ்டாக்க தனி டேபிளுக்கு பிரிச்சப்புறம்தான் கேஷுக்கே ஒரு அர்த்தம் வந்துச்சு.

ரிஃப்ரெஷ் பண்ணா ஒரு தடவ புதுசு, ஒரு தடவ பழசு

அநேகமா உங்க கேஷ் ரெடிஸ்லயே இல்ல. ஜாங்கோவுல கேஷ் செட்டிங் எழுதலன்னா, இல்ல அந்த சர்வர்ல செட்டிங் படிக்கலன்னா, லோக்மெம்னு ஒண்ணுக்கு தானா போயிடும், அது ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. கனிகார்ன்ல (ஜாங்கோவ ஓட்டுற சர்வர்) நாலு வொர்க்கர் பிராசஸ் இருந்தா நாலு கேஷ், ஒண்ணுல அழிச்சா மத்த மூணுக்கும் தெரியாது. அதுவும் 300 ஐட்டம்தான் பிடிக்கும், தாண்டினா அதுவே கொஞ்சத்த தூக்கிப் போட்டுடும். ஷெல்ல தெறந்து கேஷ் எந்த கிளாஸ்னு கேட்டா உடனே தெரிஞ்சிடும். ரெடிஸ்தான்னு காட்டுதா, அப்ப வெப் சர்வருக்கும் கிரான் ஓடுற சர்வருக்கும் கீ பிரிஃபிக்ஸ் ஒண்ணான்னு பாருங்க.

ஒருத்தர் விவரம் இன்னொருத்தருக்கு தெரியுது

யோசிக்காதீங்க, கேஷ ஆஃப் பண்ணுங்க, ரெடிஸ்ல அந்த கீங்கள அழிங்க, அப்புறம் காரணத்த தேடலாம். கீக்குள்ள யூசர் ஐடி இல்லாம "என் ஆர்டர்" மாதிரி ஒண்ண வெச்சிருப்பீங்க, இல்ல அட்மின் பாக்குற வாங்கின விலையும் சேத்த பொருள அதே கீல வெச்சிருப்பீங்க. பதில மாத்துற எதுவா இருந்தாலும், யூசர், உரிமை, மொழி, அது கீல இருக்கணும். எங்க கடை தமிழ், மலாய், ஆங்கிலம் மூணுலயும் ஓடுது, மொழிய விட்டுட்டா மலாய் பக்கத்துல தமிழ் வரும், அதாவது பரவால்ல. பேரு, போன், வீட்டு விலாசம் வெளிய போனா அது சட்ட விஷயம். மலேசியாவுல தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010-லேர்ந்து இருக்கு, 2025 ஜூன் 1-லேர்ந்து பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவுன்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆணையருக்கு சொல்லியாகணும். அதனால லாக்க அழிச்சிடாதீங்க, எத்தன பேர் விவரம் யாருக்கு போச்சுன்னு சொல்ல அதுதான் ஆதாரம், கடைக்காரங்ககிட்டயும் அன்னைக்கே சொல்லிடுங்க.

குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ டிபி சிபியு உச்சத்துக்கு போகுது

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கிராஃப்ல ஊசி மாதிரி ஏறி இறங்குதா, டிடிஎல்ல பாருங்க, அதே அஞ்சு நிமிஷமா இருக்கும். எல்லாரும் பாக்குற ஒரு கீ செத்த நொடியில இருநூறு ரிக்வெஸ்ட் ஒண்ணா மிஸ் ஆகி அதே பெரிய க்வெரிய இருநூறு தடவ ஓட்டுது. ரெண்டு மருந்து. டிடிஎல்ல பத்து இருபது சதவீதம் முன்ன பின்ன ராண்டமா ஆக்குங்க, ஒரே நேரத்துல நிரப்பின கீங்க ஒரே நேரத்துல சாகாது. ஒரே ஒரு சூடான கீன்னா ராண்டம் உதவாது, பூட்டு வேணும்: மிஸ் ஆனவர் கேஷோட ஆட் (add) ஃபங்ஷன்ல ஒரு பூட்டு கீ போடட்டும், ஏற்கனவே இருந்தா அது பொய்ன்னு (False) திரும்பும், ஜெயிச்ச ஒருத்தர் மட்டும் டிபிக்கு போகட்டும், மத்தவங்களுக்கு கொஞ்சம் பழசான காப்பிய குடுங்க. பூட்டுக்கும் பத்து செகண்ட் காலாவதி வைங்க, ஜெயிச்சவர் நடுவுல செத்துட்டா பூட்டு அப்படியே நிக்கக்கூடாது. ரெயில்ஸ்ல இதுக்கு ரேஸ் கண்டிஷன் டிடிஎல்னு கைவசமே ஒண்ணு இருக்கு.

கேஷ் போட்டும் வேகமாகல

ஹிட்டையும் மிஸ்ஸையும் எழுதி வெக்க சொன்னேன்ல, இப்ப எடுங்க. மிஸ் ஜாஸ்தின்னா கீ ஒவ்வொரு தடவயும் மாறுது, கீக்குள்ள இப்ப மணி எத்தனன்னு போயிருக்கும், இல்ல யூஆர்எல்ல பாராமீட்டர் வரிசை மாறி மாறி வருது. தமிழ்ல தேடுற வசதி வெச்சிருக்கவங்களுக்கு இன்னொரு காரணம் இருக்கு, இத பிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. "சொம்பு"ன்னு தேடுறாங்க, அந்த சொகரத்துல கொம்பையும் காலையும் யூனிகோட்ல ஒரே எழுத்தாவும் வெக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் வெக்கலாம், ஸ்க்ரீன்ல பாத்தா ஒரே சொம்புதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற கீ. கீ பண்றதுக்கு முன்னாடி என்எஃப்சில (ரெண்டையும் ஒரே வடிவமாக்குற யூனிகோட் முறை) நார்மலைஸ் பண்ணுங்க. மெம்கேஷ்ட் பாவிக்கிறவங்க நீளத்தையும் பாருங்க, தமிழ்ல ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-ல 3 பைட்டு, "பால்குடம்"ங்கிற ஒரு வார்த்தையே 27 பைட்டு, மெம்கேஷ்ட் கீ 250 பைட்ட தாண்டக்கூடாது, ஸ்பேஸும் ஆகாது. தேடுற வார்த்தைய ஹேஷ் பண்ணி கீல வெச்சா நீளம், ஸ்பேஸ் ரெண்டு பிரச்சனையும் தீரும்.

ஹிட் நல்லாருக்கு, அப்பவும் மெதுவா? பொருள் கேஷ்லேர்ந்து வருது, ஆனா டெம்ப்ளேட்ல அதோட வகை பேர கேட்ட ஒடனே ஃபாரின் கீ (வேற டேபிளுக்கு போற இணைப்பு) டிபிக்கு ஓடுது, அறுபது பொருளுக்கு அறுபது தடவ. டீபக் டூல்பார்ல க்வெரிய எண்ணிப் பாருங்க. இல்லன்னா தூரம். ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) 2024 ஆகஸ்ட்ல மலேசியாவுலயே ரீஜன் தெறந்தாங்க, ஆப்ப இங்க கொண்டு வந்துட்டு ரெடிஸ சிங்கப்பூர்லயே விட்டீங்கன்னா ஒவ்வொரு கெட்டுக்கும் எல்லை தாண்டி போய் வரணும். இண்டெக்ஸ் உள்ள ஐடி வெச்சு ஒரு ரோ எடுக்க பக்கத்துல இருக்குற போஸ்ட்கிரெஸே போதும், தூரத்து ரெடிஸ விட அது வேகம். எனக்கு கேட்டா ஒத்த ரோவுக்கு கேஷ் போடுறதுல பெரிய லாபம் இல்ல, கூட்டிக் கழிச்சு எடுக்குற கனமான க்வெரிக்கு போடுங்க.

இல்லாத பொருளுக்கு வர்ற ரிக்வெஸ்டும் டிபிய அடிக்கும். கெட் None-ன்னு (ஒண்ணுமில்லன்னு) திருப்பினா அது மிஸ்ஸா, இல்ல "இல்ல"ங்கிற பதிலான்னு கோடுக்கு தெரியாது, இல்லங்கிறதுக்கு ஒரு தனி அடையாளம் வெச்சு ஒரு நிமிஷத்துக்கு சேமிங்க.

ராத்திரி 12-க்கு முடிய வேண்டிய ஆஃபர் காலையில 8 வரைக்கும் ஓடுது

கேஷ தொடாதீங்க, சரியா 8 மணிங்கிறதே பதில சொல்லுது. சர்வர் யூடிசில இருக்கு, நம்ம நேரம் 8 மணி நேரம் முன்னாடி. டைம்ஸோன கோலாலம்பூர்னு வைங்க. 12-லேர்ந்து 12:05 வரைக்கும் மட்டும் ஓடுச்சுன்னா அதுதான் கேஷ், ஆஃபர் முடியற நேரத்த தாண்டாத மாதிரி டிடிஎல்ல சின்னதாக்குங்க.

டிப்ளாய் பண்ணப்புறம் எரர், இல்ல திடீர்னு மெதுவு

மாடல் ஆப்ஜெக்ட்ட அப்படியே பிக்கிள் பண்ணி (பைத்தான் ஆப்ஜெக்ட்ட பைட்டா மாத்தி) வெச்சிருக்கீங்க. மாடல்ல புது காலம் சேத்துட்டீங்க, கேஷ்ல இருக்குற பழைய ஆப்ஜெக்ட்ல அது இல்ல, ஜாங்கோ எரர் கூட குடுக்காது, அந்த ஃபீல்ட கேக்கும்போது டிபிக்கு போய் எடுத்துட்டு வரும், பொருளுக்கு ஒரு க்வெரி. பிஹெச்பில கிளாஸ் பேர மாத்தினா இன்கம்ப்ளீட் கிளாஸ்னு வந்து நிக்கும். தேவையான ஃபீல்ட மட்டும் டிக்ஷனரியா வெக்கிறதுதான் நல்லது, கீல வி3, வி4ன்னு ஒரு நம்பர் வெச்சு மாடல் மாறும்போது ஏத்துங்க. டிப்ளாய் நேரத்துல பழைய கோடும் புது கோடும் சேந்து ஓடும், நம்பர் இருந்தா ஒண்ணு எழுதினத இன்னொண்ணு படிக்காது.

டெஸ்ட் தனியா ஓட்டுனா பாஸ், சேத்து ஓட்டுனா ஃபெயில்னா, டிபி ரோல்பேக் ஆகுது, கேஷ் ஆகல, ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாடியும் கேஷ க்ளியர் பண்ணுங்க. ஆன் கமிட் ஓடவே இல்லன்னா ஜாங்கோ டெஸ்ட்கேஸ்ல கமிட்டே நடக்காது, கேப்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ்னு ஒண்ணு 3.2-லேர்ந்து இருக்கு.

ரெடிஸ் எழுத விட மாட்டேங்குது, இல்ல ரெடிஸ் விழுந்தா கடையே விழுது

ஓஓஎம்னு எரர் வந்தா மெமரி நெறஞ்சிடுச்சு. மேக்ஸ்மெமரி வெச்சீங்க, பாலிசி நோஎவிக்ஷன்லயே இருக்கு, அது எதையும் தூக்காது, எழுதுறத மறுத்துடும். கேஷுக்கு ஆல்கீஸ் எல்ஆர்யு (ரொம்ப நாளா தொடாத கீய தூக்குற பாலிசி) வைங்க. ஆனா அதே ரெடிஸ்ல செலரி க்யூவும் (பின்னணியில செய்ய வேண்டிய வேலை வரிசை) செஷனும் (லாகின் விவரம்) இருந்தா அந்த பாலிசி அதுங்களையும் தூக்கிடும், ஆர்டர் மெயில் காணாமப் போகும், கேஷுக்கு தனி ரெடிஸ் எடுங்க. மெம்கேஷ்ட்னா ஒரு ஐட்டம் 1 எம்பிய தாண்டினா ஏத்துக்காது, டிடிஎல் 30 நாள தாண்டினா அத தேதின்னு எடுத்துக்கும், 1970-ல இருக்குற ஒரு தேதி, அதனால வெச்ச ஒடனே காலாவதி.

ரெடிஸ் விழுந்தா கேஷ் மிஸ்ஸா நெனச்சு டிபிக்கு போகணும், ஜாங்கோவோட சொந்த ரெடிஸ் பேக்எண்ட் அப்படி செய்யாது, எரர மேல தூக்கி எறியும், ஜாங்கோ-ரெடிஸ் பேக்கேஜ்ல இக்னோர் எக்ஸெப்ஷன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு. ஆனா எழுதும்போது அழிக்கிற கமாண்டும் அதே மாதிரி சத்தமில்லாம தோத்துடும், அதனால லாக்ல எழுதுற செட்டிங்கையும் சேத்து போடுங்க. சாக்கெட் டைம்அவுட்ட அரை செகண்டுக்குள்ள வைங்க, இல்லன்னா விழாம தொங்குற ரெடிஸுக்காக எல்லா வொர்க்கரும் காத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் டிபி அந்த பாரத்த தாங்குமான்னு முன்னாடியே தெரிஞ்சிக்கணும். நாங்க தைப்பூச ஆர்டர் குவிய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழம காலையில, அக்காகிட்ட சொல்லிட்டு, ரெடிஸ பத்து நிமிஷம் நிறுத்திப் பாக்குறோம், ஒருத்தர் டிபி கிராஃப்ப பாப்பாங்க, ஒருத்தர் போன்ல ஒரு பால்குட செட்டு ஆர்டர் பண்ணி முடிப்பாங்க.